தாழ்ப்பாளியல்: விடுதிப் பாதுகாப்பில் கணியூர் மரபு குறித்த முதற்கட்ட ஆய்வு

ஆய்வுக்களம்

கொங்கு நாட்டில் கணியூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதால் ஆய்வாளன் முதலிலேயே எல்லை கட்டிக்கொள்வது நல்லது. ஒன்று கோவை மாவட்டம் சூலூர் வட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 544இன் மேல் இருப்பது; சுங்கச்சாவடியால் புகழ்பெற்றது. மற்றொன்று திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் தென்னையும் காணும் பேரூராட்சி. முதல் கணியூரில் வண்டி நிற்கும், மனிதர் இறங்குவதில்லை. ஃபாஸ்டேக் கணக்கில் பணம் தீர்ந்தவர் மட்டும் அங்கே சற்று நேரம் தங்க நேரிடும். அதை விடுதியில் தங்குதல் என்று எந்த இலக்கணமும் ஒப்பாது. ஆகவே இவ்வாய்வு இரண்டாம் கணியூரை எடுத்துக்கொள்கிறது. 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும்வரை இரண்டும் ஒரே கோவை மாவட்டத்தில் இருந்தன. அந்நாளைய தபால்காரர்கள் பட்ட பாடு தனி ஆய்வுக்குரியது.

நட்சத்திர விடுதி ஒன்றுகூட இல்லாத ஊரில் விடுதிப் பாதுகாப்பை ஆராய்வானேன் என்று கேட்பவர் உண்டு. விடுதிப் பாதுகாப்பு என்ற கலை விடுதி இருக்கும் ஊரில் வளர்வதில்லை. விடுதிக்குப் புறப்பட்டுப் போகும் ஊரில்தான் வளர்கிறது. கணியூரார் வெளியூர் கிளம்பும்போது முதல் கேள்வி பேருந்து நேரம் பற்றியதாக இருப்பதில்லை. “அங்க நமக்கு யாரு இருக்கறாங்க?” என்பதே. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒன்றுவிட்ட மச்சான் எப்படியும் இருப்பார். அவர் வீட்டில் தங்கினால் நம் முதுகு வலிக்கும். அவரைத் தாண்டி லாட்ஜில் தங்கினால் அவர் மனசு வலிக்கும். முதுகுக்கும் மனசுக்கும் நடக்கும் இந்தப் போரில் முதுகு வென்ற அரிய இரவுகளில் மட்டுமே கணியூரார் லாட்ஜுக்குப் போகிறார். கோவையில் ஆஸ்பத்திரிக்குத் துணை, பழனியில் முகூர்த்தம், திருப்பூரில் பேமெண்ட் வாங்க இரண்டாம் நாளும் காத்திருத்தல் ஆகியவை அவ்விரவுகளின் வகைகள். அரிதாக நிகழ்வதாலேயே அது ஆயத்தத்துடன் நிகழ்கிறது. மாதம் பாதி நாள் விடுதியில் கிடக்கும் மெர்ச்சண்டைசர் கதவைச் சாத்தினோமா என்றுகூடப் பார்க்காமல் தூங்கிவிடுவார். ஆண்டுக்கு ஓர் இரவு தங்குபவரோ கோட்டையைக் காக்கும் தளபதியாகிறார். அத்தகைய தளபதி ஒருவரை, என் பெரிய மாமனை, பல இரவுகள் அடுத்த கட்டிலில் படுத்துக் கவனித்ததன் பயனே இக்கட்டுரை.

முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் முதல் நூலாசிரியர் கௌடில்யர். அர்த்தசாஸ்திரத்தில் நகரத் தலைவனைப் பற்றிய பகுதியில், தர்மசத்திரம் நடத்துபவன் வழிப்போக்கரைத் தங்கவைக்குமுன் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறார். வீட்டுக்காரனும் தன் வீட்டுக்கு வந்தவரையும் கிளம்பியவரையும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டு அன்றிரவு ஏதேனும் குற்றம் நடந்தால் பழி அவன் தலையில். ஒன்றுமே நடக்காவிட்டால்? அதற்கும் 3 பணம் அபராதம். லாட்ஜ்காரர்கள் வெளிநாட்டுக்காரர் வந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவந்த ‘சி’ படிவத்துக்குக் கொள்ளுப்பாட்டன் இந்த 3 பணம்தான். இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் டி-சர்ட் வாங்க வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை நகலெடுத்து நகலெடுத்துத் திருப்பூர் விடுதிகளின் ஜெராக்ஸ் மிஷின்கள் தேய்ந்ததற்கும் கௌடில்யரே பொறுப்பு.

தமிழில் இப்பொருளுக்கு மூலநூல் சிலப்பதிகாரம். வெளியூரில் இருந்து வந்த ஓர் இளம் தம்பதியர் மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடியில் மாதரி வீட்டில் தங்குகிறார்கள், கவுந்தியடிகள் சிபாரிசு. தங்குமிடப் பாதுகாப்பு என்ற கோணத்தில் இதை ஆராய்ந்த புலவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை என்பதால் நாமே சொல்லிவிடலாம்: விடுதியில் குறை ஒன்றும் இல்லை. சாப்பாடு உண்டு, காவல் உண்டு, உரிமையாளர் நம்பகமானவர். மதிப்புமிக்க பொருளை விருந்தினரே எடுத்துக்கொண்டு வெளியே போய், முன்பின் தெரியாத பொற்கொல்லரிடம் காட்டிய பிறகுதான் எல்லாம் கெட்டது. நிர்வாகம் பொறுப்பல்ல.

மூன்றாவது மூலம் 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம். பிரிட்டிஷார் எழுதிய சட்டங்களில் இவ்வளவு கண்ணும் கருத்துமானது குறைவு. சத்திரம் நடத்துபவர் அறைகளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காவலாள் போட வேண்டும், கட்டணப் பட்டியலைப் பார்வையில் மாட்ட வேண்டும் என்பதோடு, திருடன் ஏறி உள்ளே வரவோ வெளியே போகவோ வாய்ப்பான மரங்களையும் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. வெளியே போகவும் என்று சேர்த்த அந்த எழுத்தரை வணங்குகிறேன். உள்ளே வந்த திருடன் அங்கேயே தங்கிவிட்டால் அவனிடமும் வாடகை கேட்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

கௌடில்யரையும் சராய்ச் சட்டத்தையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஓரிடத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

முதல் அரண்: பனியன்

விடுதி நிபுணர்கள் அறையில் லாக்கர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கணியூர் மரபில் லாக்கர் உடம்போடு வருகிறது. பெரிய மாமன் அணிவது நெஞ்சின் இடப்புறம் உள்பக்கமாகப் பை வைத்துத் தைத்த கைவைத்த பனியன். அதன் மேல் சட்டை, அதன் மேல் துண்டு. பட்டாபட்டி டிராயரில் இன்னொரு பை. அதற்கு ஜிப் உண்டு. மேல்பையில் செலவுப் பணம், கீழ்ப்பையில் காரியப் பணம். சட்டைப் பையில் ஐம்பது ரூபாயும் பழைய பேருந்துச் சீட்டுகளும் வெளிப்படையாகத் தெரியும்படி இருக்கும். அது திருடனுக்காக ஒதுக்கியது. வந்தவன் வெறுங்கையோடு போனால் கோபத்தில் ஏதாவது செய்துவிடுவான் என்பது மாமனின் சித்தாந்தம்.

பனியன் பைக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு; பனியன் கம்பெனிக்காரர்கள் இதை அறிவார்கள். தறித்துணியில் ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பின்னல் துணியோ நூல் வளையத்துக்குள் வளையமாகக் கோத்தது. இழுத்தால் வளையம் நீளும். அதனால்தான் பனியன் உடம்போடு ஒட்டுகிறது. அதனால்தான் பனியன் பையில் சில்லறை போட்டால் அது இரண்டு மணி நேரத்தில் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கிவிடுகிறது. பையை மட்டும் தறித்துணியில் வெட்டி ஒட்டுவது கைதேர்ந்த டெய்லரின் அடையாளம். நோட்டு மட்டுமே போட வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி. ஏனெனில் வேர்வை பட்ட நோட்டை மறுநாள் இட்லிக் கடைக்காரர் விளக்கடியில் பிடித்துப் பார்ப்பார்.

2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது நாட்டில் எத்தனை பனியன் பைகள் ஒரே நேரத்தில் வெறும் பைகளாயின என்பதைப் பொருளாதார வல்லுநர்கள் கணக்கிடாமல் விட்டது பெரிய குறை. அதற்குப்பின் பணம் பனியனை விட்டு போனுக்குக் குடியேறியது. போன் பனியன் பையில் நிற்காது. இரவு அதைச் சார்ஜ் போட வேண்டும். பிளக் பாயிண்ட் கட்டிலுக்கு எட்டாத சுவரில், டிவிக்குப் பின்னால் இருக்கும். ஆக, மனிதன் இங்கே, பணம் அங்கே. இந்தப் பிரிவாற்றாமையில் மாமன் போனைத் தலையணைக்கடியில் வைத்தே சார்ஜ் போட ஆரம்பித்தார். பஞ்சுக்கடியில் சூடாகும் பேட்டரி ஆபத்து என்று சொல்லிப் பார்த்தேன். “திருடன் வந்தா எந்திரிச்சிருவேன், சூடு வந்தா எந்திரிக்க மாட்டனா?” என்றார். இக்கேள்விக்கு விடை பிறகு.

இரண்டாம் அரண்: கதவு

கணியூர் மரபின் உயிர்நிலை கதவு. அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் குழாயைத் திறப்பார்கள், டிவியைப் போடுவார்கள், மெத்தையை அமுக்குவார்கள். மாமன் கதவைச் சாத்தி, மேல்தாழ்ப்பாளைப் போட்டு, தோளால் ஒரு இடி இடிப்பார். பிறகு கீழே குனிந்து கொண்டி விழும் நாதாங்கியின் திருகாணிகளை எண்ணுவார். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருப்பது லாட்ஜ் உலகின் பொது விதி. மற்ற இரண்டும் எங்கே போகின்றன என்பது இன்னும் விளங்கவில்லை. அறை மாற்றிக் கேட்டால் அடுத்த அறையிலும் இரண்டுதான்.

கையோடு சொந்தப் பூட்டு ஒன்றும் வரும். கணியூரிலிருந்து பழனி, ஒட்டன்சத்திரம் வழியாகப் போனால் திண்டுக்கல். ஆகையால் வேறு ஊர்ப் பூட்டை நம்புவதற்கு அவசியமே இல்லை. மாங்காய்ப் பூட்டு முதல் திறந்தால் மணியடிக்கும் பூட்டு வரை கையால் செய்து பெயர் வாங்கிய அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. ஒரே பையில் இரண்டு புவிசார் குறியீட்டுப் பொருள்களை வைத்துக்கொண்டு லாட்ஜில் தங்குபவர்கள் எங்கள் வட்டாரத்தார் மட்டுமே என்று துணிந்து கூறலாம்.

பூட்டின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைக்கலாமா என்பதற்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், திறக்கவே முடியாது என்று ஆங்கிலேயர் பெருமைப்பட்ட இரண்டு பூட்டுகளைச் சாவியின்றித் திறந்து காட்டினார். சப் கம்பெனிப் பூட்டுக்கு 25 நிமிடம் பிடித்தது. பிராமா கம்பெனிப் பூட்டுக்கு 51 மணி நேரம், அதுவும் 16 நாளில் பரப்பி. இதைக் கேட்ட மாமன் சற்றும் கலங்கவில்லை. “நாம ஒரு ராத்திரிதானே தங்கறோம், அம்பத்தோரு மணி நேரம் எவன் நிக்கறான்?” என்றார். பூட்டியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான வாதத்தை நான் படித்ததில்லை.

அடுத்தது நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைக் கதவுக் கைப்பிடிக்கு அடியில் சாய்த்து முட்டுக்கொடுத்தல். இம்முறை வேலை செய்ய மூன்று நிபந்தனைகள்: கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும், கைப்பிடி நாற்காலி உயரத்துக்கு இருக்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது. நம் லாட்ஜுகள் எல்லாவற்றிலும் பளபளக்கும் டைல்ஸ் வந்துவிட்டதால் மூன்றாம் நிபந்தனை தோற்றது. இதை மாமன் அறியாதவர் அல்லர். நாற்காலி தடுப்பதற்கு அன்று. அதன் மேல் விளிம்பில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். கதவு அசைந்தால் நாற்காலி நகரும், டம்ளர் விழும், டைல்ஸ் தரையில் அது எழுப்பும் ஓசையில் மாடி முழுவதும் விழிக்கும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், டம்ளர் காலையில் காபிக்கும் ஆகும். ஒருமுறை விடியற்காலை டீ கொண்டுவந்த பையன் கதவைத் தட்டியபோது டம்ளர் உருண்டு, பையன் டிரேயைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினான். சோதனை வெற்றி என்று மாமன் குறித்துக்கொண்டார். உடைந்த கிளாசுக்கு மேனேஜர் பில்லில் குறித்துக்கொண்டார்.

மேல்நாட்டில் கதவு வேறு வழியில் வளர்ந்தது. 1974இல் நியூயார்க் அருகே ஒரு மோட்டல் அறையில் பாடகி கோனி ஃபிரான்சிஸ் தாக்கப்பட்டார். அறைக்கதவைப் பாதுகாப்பாக வைக்கவில்லை என்று அவர் தொடுத்த வழக்கில் அவருக்கு 25 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பானது. அமெரிக்க விடுதிகள் கதவின் மீது கண்வைக்கத் தொடங்கிய காலம் அது. அடுத்தடுத்து வந்த விருந்தினருக்கெல்லாம் ஒரே சாவி, அதற்கு ஊரெல்லாம் நகல் என்ற பழைய ஏற்பாட்டை மாற்ற, ஆளுக்கு ஆள் குறியீடு மாறும் அட்டைச்சாவியை நார்வேக்காரர் டோர் சோர்னெஸ் கண்டுபிடித்ததும் அந்தப் பத்தாண்டில்தான். மாமன் அட்டைச்சாவியை ஒரே ஒருமுறை கையாண்டார். அட்டையைச் செருகினால்தான் அறையில் கரண்ட் வரும் என்று அறிந்ததும், கதவைப் பூட்டுவதும் ஃபேனைப் போடுவதும் ஒரே பொருள் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

மூன்றாம் அரண்: பதிவேடு

லாட்ஜ் வரவேற்பில் ஒரு நீளமான நோட்டு இருக்கும். பெயர், விலாசம், எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர், வந்த நோக்கம். தமிழ்நாட்டில் கடைசிக் கட்டத்தை நிரப்பும் முறை ஒன்றே ஒன்று: “சொந்த வேலை”. அதற்குக் கீழே வரிசையாக மேற்படிக் குறிகள். நோட்டைப் படித்தால் அரசாங்க வேலையாகவோ அடுத்தவர் வேலையாகவோ இந்த மாநிலத்தில் எவரும் நகர்ந்ததே இல்லை என்று தோன்றும். கௌடில்யர் உயிரோடிருந்தால் ஆளுக்கு 3 பணம் வசூலித்திருப்பார்.

ஆதார் நகல் இந்த அரணின் நவீன வாயில். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், உரிமம் பெறாத ஹோட்டல்கள் அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டு நாள் கழித்து அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த இரண்டு நாளில் லாட்ஜுக்குப் போய் “காப்பி தரமாட்டேன்” என்று சொல்லிப் பார்த்தவர்கள் இந்திய விடுதி வரலாற்றில் தனி வகுப்பினர். எஞ்சியோருக்குக் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் முகமூடி ஆதார் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். மேனேஜரிடம் நீட்டினால் “இதுல நம்பரே தெரியலியேங்க” என்பார். அதற்குத்தான் என்று சொல்லவேண்டியது நம் கடமை. மாமன் நகலின் குறுக்கே “ரூம் எடுக்க மட்டும்” என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்தும் போடுவார். கிரயப் பத்திரம் எழுதும் ஊரார் கை அது.

வரவேற்பின் சுவரில் “உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற பலகை. இதை வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை. 1998இல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குக் காரில் வந்தவர் சாவியை ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது காரை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் முடிந்தது: பொருளை வாங்கி வைத்துக்கொண்டபின் உரிமையாளர் பொறுப்பிலேயே என்று சீட்டில் அச்சடித்துவிட்டால் மட்டும் ஹோட்டல் தப்ப முடியாது, கவனமாகத்தான் இருந்தோம் என்று நிரூபிப்பது ஹோட்டலின் வேலை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, ஒப்படைத்த பொருளைச் சராசரி விவேகமுள்ளவன் தன் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்கிறது. கார் திரும்பக் கிடைத்திருந்தாலும் இருபத்தோரு ஆண்டுக்குப் பிறகு எந்த மெக்கானிக் அதைத் தொட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

புதுமரபு

மேற்கண்ட பழமரபுக்கு எதிராக இளையோரிடம் வாட்ஸ்அப் மரபு ஒன்று தழைத்திருக்கிறது. மாமன் மகள் அதன் ஆசிரியை. அறைக்குள் நுழைந்ததும் அவள் கண்ணாடியில் விரலை வைப்பாள். விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இருந்தால் நல்ல கண்ணாடி, இல்லாவிட்டால் பின்னாலிருந்து பார்க்கும் கண்ணாடி என்பது அம்மரபின் சூத்திரம். பிரதிபலிக்கும் பூச்சு கண்ணாடியின் முன்பக்கமா பின்பக்கமா என்பதைத்தான் இடைவெளி சொல்லும். பின்னால் ஆள் இருப்பதைச் சொல்லாது. அறை விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டி அடித்துப் பார்ப்பது மேல். மறைகேமராவுக்கும் இருட்டே துணை: இரவில் படம்பிடிக்கும் கேமராக்கள் பல அகச்சிவப்பு ஒளியை உமிழும், அதைப் பல போன்களின் முன்கேமரா மங்கலான ஊதாப் புள்ளியாகக் காட்டும். உங்கள் போன் காட்டுமா என்று அறிய டிவி ரிமோட்டை அதன் முன் பிடித்து அழுத்திப் பார்த்தால் போதும். இச்சோதனையில் அடிக்கடி வெளிப்படும் உண்மை, ரிமோட்டில் பேட்டரி இல்லை என்பது.

பெண்கள் தனியே தங்கும்போது இது விளையாட்டல்ல என்பதால் இம்மரபைக் கேலிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. மாமனோ மகளின் சோதனைகளைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அதெல்லாம் சரி கண்ணு, தாப்பாளப் பாத்தியா?” என்றார்.

புகை

இதுவரை கண்ட அரண்கள் எல்லாம் ஒரே திசை நோக்கியவை. ஆபத்து வெளியே நிற்கிறது, கதவு அதைத் தடுக்கிறது என்பது இவற்றின் அடிப்படை. ஜன்னலுக்கு இரும்புக் கிராதி. மாடிப்படிக்குக் கொலாப்சிபிள் கேட். இரவு பதினொன்றுக்கு வாசல் ஷட்டரை இறக்கிப் பூட்டி, அதன் உள்ளே பாய் விரித்து ஆள் படுத்துக்கொள்வது. மரக்கிளையை வெட்டச் சொன்ன சராய்ச் சட்டத்தின் பிள்ளைகள் நாம். திருடன் போகும் வழியையும் அடைத்தோம். விருந்தினர் போகும் வழியும் அதுதான்.

1946 டிசம்பரில் அட்லாண்டாவில் எரிந்த வைன்காஃப் ஹோட்டலை முழுக்கத் தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கட்டடத்தின் எலும்புக்கூடு உண்மையிலேயே எரியவில்லை. 119 பேர் இறந்தார்கள். இறங்க ஒரே படிக்கட்டுதான் இருந்தது. 1980 நவம்பரில் லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலின் கீழ்த்தளத்து உணவகத்தில் பிடித்த தீயில் இறந்த 85 பேரில் மிகப் பலர் தீயையே பார்க்கவில்லை, மேல்தளங்களில் இருந்தார்கள். படிக்கட்டு வழியாகவும் லிஃப்ட் குழி வழியாகவும் ஏறிய புகை அவர்களைத் தேடிப் போனது. 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல்பாக்கில் ஒரு ஹோட்டலில் விடியுமுன் பிடித்த தீ 17 உயிரைக் கொண்டுபோனது. அங்கும் பெரும்பாலோருக்கு மூச்சுத் திணறல். தாழ்ப்பாள்கள் எல்லாம் நன்றாகவே இருந்திருக்கும்.

சூடு வந்தால் எழுந்துவிட மாட்டேனா என்ற மாமனின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: சூடு வருமுன் புகை வருகிறது, தூங்குபவன் மூக்கு காவலுக்கு ஆகாது. புகையில் கலந்த கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் அதனோடு ஒட்டிக்கொள்ளும். உடுமலையிலிருந்து மூணாறோ கொடைக்கானலோ போய்க் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை இறுக்கிச் சாத்தித் தூங்குகிறவர்களுக்கு நேர்வதும் இதுதான். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தாலும் இதே கதை. டம்ளர் விழாது.

நல்ல மேனேஜர்கள் இதைச் சொன்னால் சுவரைக் காட்டுவார்கள். அங்கே சிவப்புச் சிலிண்டர் தொங்கும். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் மேல் அழியாமல் இருக்கும். பூஜை வருடந்தோறும் தவறுவதில்லை. அளவுமானியின் முள் பச்சையில் நிற்கிறதா, சீட்டில் அடுத்த நிரப்பல் தேதி என்ன என்று பார்த்தால் குங்குமத்தைத் துடைக்கவேண்டி வரும்; அது அபசகுனம் என்று பையன் தடுப்பான்.

இங்கேதான் கௌடில்யரோடு கணக்கு. வழிப்போக்கரைப் பதியாதவனுக்கு 3 பணம் போட்ட அதே அத்தியாயத்தில் அவர் தீயைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தெருக்களிலும் நாற்சந்திகளிலும் தண்ணீர்க் குடங்களை வரிசையாக நிரப்பி வைக்க வேண்டும். ஊரில் தீப்பிடித்த வீட்டுக்கு ஓடி உதவாத வீட்டுக்காரனுக்கு 12 பணம் அபராதம், குடியிருப்பவனுக்கு 6. பதிவேட்டைவிடத் தீக்கு நான்கு மடங்கு. இரண்டாயிரம் ஆண்டில் 3 பணப் பகுதியை நோட்டாகவும் ‘சி’ படிவமாகவும் ஆதார் நகலாகவும் வளர்த்துக்கொண்டு வந்துவிட்டோம். 12 பணப் பகுதிக்குச் சந்தனம் வைத்துவிட்டோம்.

சராய்ச் சட்டத்தோடு பெரிய வழக்கில்லை. அது தன் காலத்துத் திருடனைப் பார்த்தது, அவ்வளவே.

கணியூர் மரபைத் திருத்த முடியுமா என்ற ஆய்வின் கடைசிக் கட்டத்தில் மாமனிடம் சிலவற்றைச் சொல்லிப் பார்த்தேன். அறைக்குள் போகுமுன் படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணிவைத்துக்கொள்ள வேண்டும், புகையில் கண் தெரியாது, கையால் தடவித்தான் போகவேண்டும் என்றேன். எண்ணுவது அவருக்குப் பிடித்த வேலை, உடனே ஒப்புக்கொண்டார். கதவுக்குப் பின்னால் தீ இருக்கிறதா என்று அறியப் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும், சூடாக இருந்தால் திறக்காமல் ஈரத்துண்டைக் கதவிடுக்கில் திணித்து, ஜன்னலருகே போய் 101க்குப் பேச வேண்டும் என்றேன். “துண்டு எப்பவும் தோள்ல இருக்குதே” என்றார். வெளியேற முடிந்தால் தவழ்ந்து போக வேண்டும், புகை மேலேதான் மிதக்கும் என்றேன். முட்டி வலிக்கு மருந்து தடவிக்கொண்டே தலையசைத்தார். லிஃப்டில் ஏறவே கூடாது என்றேன். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை எரிந்தபோது லிஃப்டில் சிக்கியவர்களைப் பற்றிச் சொன்னதும் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்து நாங்கள் லாட்ஜ் எடுத்தது ஒரு கல்யாணத்துக்கு. மூன்றாம் மாடி. மாமன் தாழ்ப்பாளைத் தொடாமல், கதவுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடைவழியின் கோடி வரை போனார். அங்கே பின்பக்கப் படிக்கட்டு. அதன் இரும்புக் கதவில் பூட்டு. குனிந்து பூட்டைத் திருப்பிப் பார்த்தார். திண்டுக்கல் பூட்டு.

“ஏனுங் தம்பி, இதுக்குச் சாவி யாருகிட்ட?”

“மேனேஜர்கிட்டங்க.”

“அவரு எங்கீங்க?”

“ஊருக்குப் போயிருக்காருங்க. திங்கக்கெழம வந்துருவாரு.”

“ஏன் பூட்டி வெச்சிருக்கறீங்க?”

“பில்லுக் கட்டாம எறங்கிப் போயர்றாங்கங்க.”

மாமன் சற்று நேரம் பூட்டையே பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டார்.

“கீழ் மாடியில ரூமு இருக்குதுங்ளா?”

“இருக்குதுங்க. நூறு ரூவா சேத்தி ஆகுமுங்க.”

“அதென்னுங் நூறு ரூவா?”

“படி ஏற வேண்டாமில்லீங்க.”

“எறங்கவும் வேண்டாம்,” என்றபடி மாமன் பனியனுக்குள் கையை விட்டார். ஆனால் எழுபதுக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று பேச்சை ஆரம்பித்தார்.